வியாழன் குண்டு, ஞாயிறு வாக்கு: மாட்ரிட் 2004 – ஒரு நிகழ்வு ஆய்வு

2004 மார்ச் 12, விடியற்காலை. மாட்ரிட் நகரின் வயேகாஸ் பகுதிக் காவல் நிலையத்தில், முந்தின நாள் குண்டு வெடித்த ரயில்களில் கிடந்த பயணிகளின் உடைமைகளைப் போலீசார் ஒவ்வொன்றாகப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அதில் ஒரு பை கனத்தது. திறந்தால் உள்ளே ஒரு செல்பேசி, அதிலிருந்து போகும் கம்பிகள், பத்து கிலோ அளவுக்கு வெடிமருந்து, அதோடு ஆணியும் திருகாணியும். வெடிக்காமல் போன குண்டு அது. நிபுணர் ஒருவர் அதை அருகிலிருந்த பூங்காவுக்குக் கொண்டுபோய்ச் செயலிழக்க வைத்தார்.

அந்தச் செல்பேசியின் சிம் அட்டையைப் பிடித்துக்கொண்டு போன போலீசார், லவாப்பியெஸ் பகுதியில் இருந்த ஒரு செல்பேசிக் கடைக்கு வந்து நின்றார்கள். சனிக்கிழமை மதியம் கைதுகள். ஞாயிற்றுக்கிழமை பொதுத் தேர்தல்.

அந்தப் பையும் மற்ற பைகளைப் போல வெடித்திருந்தால் ஸ்பெயினின் அடுத்த பிரதமர் யார் என்ற கேள்விக்கு வேறு பதில் கிடைத்திருக்கலாம். இதை உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் பயங்கரவாதத் தாக்குதல் ஒரு தேர்தலை எப்படி அசைக்கிறது என்று பேச வருகிறவர்கள், செத்தவர்கள் எத்தனை பேர், குண்டு எத்தனை கிலோ என்பதோடு நின்றுவிடக் கூடாது என்று காட்ட இந்தப் பை போதும். மாட்ரிட்டில் வாக்கை அசைத்தது குண்டைவிட அதிகமாக, குண்டு வெடித்த பிறகு அரசு பேசிய மூன்று நாள் பேச்சு என்பதே என் கணிப்பு.

தாக்குதலுக்கு முன் நிலவரம்

அப்போது ஆட்சியில் இருந்தது வலதுசாரி மக்கள் கட்சி. 2000 தேர்தலில் 350 இடங்களில் 183 இடங்களைப் பிடித்துத் தனிப்பெரும்பான்மையோடு இருந்த கட்சி. பிரதமர் ஹோசே மரியா அஸ்னார் மூன்றாவது முறை நிற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, மரியானோ ரஹோயைத் தன் வாரிசாக முன்னிறுத்தியிருந்தார். பொருளாதாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கருத்துக்கணிப்புகள் மக்கள் கட்சிக்கே முன்னிலை கொடுத்தன. ஜெயிக்குமா என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. தனிப்பெரும்பான்மைக்குத் தேவையான 176ஐ மறுபடியும் தாண்டுமா என்பதே பேச்சு. வாக்குப்பதிவுக்கு முந்தைய ஐந்து நாட்களில் கருத்துக்கணிப்பு வெளியிட ஸ்பெயின் சட்டம் இடம் தராது என்பதால், தாக்குதலுக்குப் பிறகு மக்கள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் கணிப்பு எதுவும் மக்கள் கைக்கு வரவில்லை.

ஆனால் நீறு பூத்த நெருப்பு ஒன்று இருந்தது: இராக். 2003 மார்ச்சில் அசோர்ஸ் தீவுகளில் புஷ், பிளேர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர் அஸ்னார். போர் வேண்டாம் என்று பத்தில் ஒன்பது ஸ்பானியர்கள் சொன்ன காலம் அது. லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். அஸ்னார் அசையவில்லை; சுமார் 1,300 வீரர்களை இராக்குக்கு அனுப்பினார். அப்புறம் 2003 மே மாதம் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மக்கள் கட்சி மண்ணைக் கவ்வும் என்று பலர் எதிர்பார்த்தார்கள், கவ்வவில்லை. கோபம் இருந்தது, ஆனால் அது வாக்குச்சாவடிவரை நடந்து வரவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு பக்கம் எட்டா. ஸ்பெயினின் வடக்கே உள்ள பாஸ்க் பகுதியைத் தனிநாடாக்க ஆயுதம் ஏந்தி, பல பத்தாண்டுகளில் 800க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற இயக்கம். 1995இல் அஸ்னாரையே கார் குண்டு வைத்துக் கொல்லப் பார்த்தது. எட்டாவிடம் விட்டுக்கொடுக்காத கட்சி என்பதே மக்கள் கட்சியின் பெரிய முதலீடு. தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கத்தலோனியாவில், முக்கிய எதிர்க்கட்சியான சோசலிஸ்ட்டுகளின் கூட்டணிக் கட்சித் தலைவர் ஒருவர் எட்டாவை ரகசியமாகச் சந்தித்தது வெளியே வந்து பெரிய ரகளையாகியிருந்தது. மக்கள் கட்சியின் பிரசார மேடைகளில் அதுதான் சூடான சரக்கு.

ஆக, குண்டு வெடிப்பதற்கு முன்பே கணக்கு எழுதித் தயாராக இருந்தது. செய்தது எட்டா என்றால் ஆளுங்கட்சிக்கு லாபம். செய்தது ஜிகாதிகள் என்றால், இராக்குக்குப் படை அனுப்பியதுதான் இந்த வினையைக் கொண்டுவந்தது என்ற பேச்சு கிளம்பும். இது இரண்டு கட்சிகளுக்கும் தெரியும், பத்திரிகைகளுக்கும் தெரியும், ரயிலில் போகிறவருக்கும் தெரியும். தடயம் ஒவ்வொன்றும் வாக்காக மாறிய விபரீதத்துக்கு இதுவே காரணம்.

வியாழன்

மார்ச் 11 காலை 7:37 மணி முதல் மூன்று நிமிடத்துக்குள் நான்கு புறநகர் ரயில்களில் பத்து குண்டுகள் வெடித்தன. அடோச்சா நிலையம், அதை நெருங்கும் டெயெஸ் தெருவோரத் தடம், எல் போசோ, சாந்தா எயுஹேனியா என்று நான்கு இடங்கள். வேலைக்கும் கல்லூரிக்கும் போகிற கூட்டம். 191 பேர் செத்தார்கள். காயம்பட்டவர்கள் 1,800க்கும் மேல். ரயில்கள் நான்கும் அல்கலா தே எனாரெஸ் வழியாக வந்தவை.

முதல் சந்தேகம் எட்டா மேல் விழுந்ததில் தப்பில்லை. 2003 கிறிஸ்துமஸ் சமயத்தில் மாட்ரிட் ரயிலில் குண்டு வைக்க எட்டா முயன்று பிடிபட்டிருந்தது. 2004 பிப்ரவரி கடைசியில், 500 கிலோவுக்கும் அதிகமான வெடிமருந்தோடு மாட்ரிட்டை நோக்கி வந்த எட்டா வேன் ஒன்று மடக்கப்பட்டது. காலையில் பாஸ்க் மாநிலத் தலைவரே எட்டாவைத்தான் திட்டினார். சோசலிஸ்ட்டுகளும் அப்படித்தான் நினைத்தார்கள். எட்டாவுக்கு நெருக்கமான அரசியல்வாதி அர்னால்டோ ஒட்டேகி காலையிலேயே மறுத்தார்; அவரை யார் நம்புவார்கள்?

கோணல் எங்கே தொடங்கியது என்றால், யூகம் உறுதியாக மாறிய இடத்தில். மதியம் ஒன்றரை மணிவாக்கில் உள்துறை அமைச்சர் ஆங்ஹெல் அசெபெஸ், செய்தது எட்டாதான், சந்தேகமே இல்லை என்றார். அஸ்னார் பெரிய நாளிதழ்களின் ஆசிரியர்களுக்குத் தானே போன் போட்டு அதையே சொன்னார். 'மாட்ரிட்டில் பயங்கரவாதப் படுகொலை' என்று தலைப்பு வைத்திருந்த எல் பாயிஸ் நாளிதழ், பிரதமரின் போனுக்குப் பிறகு அதை 'மாட்ரிட்டில் எட்டாவின் படுகொலை' என்று மாற்றிச் சிறப்புப் பதிப்பு அச்சடித்தது. நாட்டின் பிரதமர் நேரில் உறுதி சொல்லும்போது ஒரு பத்திரிகையாசிரியர் என்ன செய்வார்? இத்தனைக்கும் அது ஆளுங்கட்சிக்கு எதிர்முகாம் என்று பெயரெடுத்த பத்திரிகை. வெளியுறவு அமைச்சர் அனா பலாசியோ உலகெங்கும் உள்ள ஸ்பானியத் தூதர்களுக்கு, வாய்ப்புக் கிடைக்கும் இடத்திலெல்லாம் எட்டாவின் கைவரிசை என்று உறுதிசெய்யுங்கள் என்று தந்தி அனுப்பினார். அப்போது ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஸ்பெயின் உறுப்பினர். அன்றைக்கே 1530ஆம் எண் தீர்மானம் நிறைவேறியது. எட்டாவின் பெயர் அதில் எழுத்திலேயே இருக்கிறது.

அன்றைக்கே அல்கலாவில் ஒரு வேன் சிக்கியது. உள்ளே டெட்டனேட்டர்கள், குர்ஆன் வசனங்கள் பதிந்த ஒலிநாடா. மாலையில் லண்டனிலிருந்து வரும் ஓர் அரபு நாளிதழுக்கு, அல்-காயிதா பெயரில் பொறுப்பேற்று மின்னஞ்சல் வந்தது. அசெபெஸ் இரவு எட்டு மணிக்கு மேல் வேனையும் நாடாவையும் பற்றிச் சொன்னார். மறைக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எட்டாதான் முதல் சந்தேகம் என்பதை விடவில்லை. மதியம் சந்தேகமே இல்லை என்றவர் இரவில் இன்னொரு வழியிலும் விசாரிக்கிறோம் என்கிறார். வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு முதல் நெருடல் இங்கேதான் வந்தது.

வெள்ளியும் சனியும்

வெள்ளிக்கிழமை மாலை, மழையில், நாடு முழுவதும் ஒரு கோடிக்கு மேல் மக்கள் தெருவில் இறங்கினார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். நாலு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டத்து இளவரசரும் ஊர்வலத்தில் நடந்தார். ஊர்வலத்துக்கு அரசு கொடுத்த முழக்கத்தில் அரசியல் சாசனத்தோடு நிற்போம் என்று ஒரு வரி இருந்தது. பாஸ்க் பிரிவினையை எதிர்க்கிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் வரி. பலருக்கு அது உறுத்தியது. துக்க ஊர்வலத்தின் நடுவிலிருந்தே ஒரு கேள்வி எழுந்தது: "யார் செய்தது?" அதை அரசைப் பார்த்துக் கேட்டார்கள். எட்டா அன்று மாலையே, தனக்குத் தொடர்பில்லை என்று பாஸ்க் ஊடகங்களுக்குச் சொல்லிவிட்டிருந்தது.

பெரிய தாக்குதல் நடந்தால் மக்கள் அரசின் பின்னால் அணிதிரள்வார்கள் என்பது அரசியல் ஆய்வாளர்கள் வெகுகாலமாகச் சொல்வது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு புஷ்ஷின் ஆதரவு, கேலப் கணிப்பில் 51 சதவீதத்திலிருந்து 90க்குத் தாவியது அதற்கான பாடநூல் உதாரணம். ஸ்பெயினிலும் மக்கள் திரண்டார்கள், அதுவும் ஒரு கோடிக்கு மேல். ஆனால் ஒருவருக்கொருவர் ஆறுதலாகத் திரண்டார்கள். அரசுக்குப் பின்னால் அல்ல. இந்த வித்தியாசத்தை ஆய்வுகள் பல சமயம் கவனிக்காமல் தாண்டிப் போகின்றன.

சனிக்கிழமை, 'சிந்தனை நாள்'. வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் பிரசாரம் செய்யக் கூடாது என்பது அங்கே சட்டம். அன்று காலை முதல் செல்பேசியிலிருந்து செல்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி ஓடியது. வாட்ஸப் இல்லாத காலம். எழுத்தெண்ணி அனுப்ப வேண்டும். இன்று மாலை ஆறு மணி, ஹெனோவா தெரு 13ஆம் எண், கட்சி கிடையாது, உண்மைக்காக மௌனம் என்று சொல்லிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு சொல்: "பாசலோ". அடுத்தவருக்குக் கடத்து என்று அர்த்தம். ஹெனோவா தெரு 13 என்பது மக்கள் கட்சியின் தலைமை அலுவலகம். மௌனம் என்று கூப்பிட்டார்கள், வந்தவர்கள் மௌனமாக இருக்கவில்லை. நாளை வாக்களிக்கும் முன் உண்மை தெரிய வேண்டும் என்று கத்தினார்கள்.

இரவு எட்டு மணிவாக்கில் அசெபெஸ் கைதுகளை அறிவித்தார். வயேகாஸ் பையின் சிம் அட்டை கொண்டுவிட்ட கைதுகள். ஒன்பது மணிக்கு மேல் ரஹோய் தொலைக்காட்சியில் வந்து, தன் கட்சி அலுவலகத்தின் முன் சட்டவிரோதப் போராட்டம் நடக்கிறது என்று கண்டித்தார். வேட்பாளர் சிந்தனை நாளில் டிவியில் பேசியதே விதிமீறல் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. சோசலிஸ்ட் தலைவர்களில் ஒருவரான ருபல்காபா அதற்குப் பின் பேசி, பொய் சொல்லாத அரசு ஸ்பானியர்களுக்கு வேண்டும் என்றார். சிந்தனை நாள் விதியின் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காலை வைத்துத்தான் அவரும் பேசினார்; இதில் யார் கையும் முழுக்கச் சுத்தமில்லை. நள்ளிரவு தாண்டி அசெபெஸ் மறுபடி வந்தார். அல்-காயிதா பெயரில் பொறுப்பேற்கும் வீடியோ நாடா கிடைத்திருக்கிறது என்றார். வாக்குச்சாவடி திறக்க இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது.

எண்கள் சொல்வது

சோசலிஸ்ட் கட்சி 42.6 சதவீதம், 164 இடங்கள். மக்கள் கட்சி 37.7 சதவீதம், 148 இடங்கள். தனிப்பெரும்பான்மை கிடைக்குமா என்று எண்ணிக்கொண்டிருந்த கட்சி எதிர்க்கட்சி ஆனது.

சதவீதத்தை விட்டுவிட்டு வாக்கு எண்ணிக்கையைப் பாருங்கள். மக்கள் கட்சி 2000இல் வாங்கியது 1 கோடியே 3 லட்சம்; 2004இல் 97.6 லட்சம். இழப்பு ஐந்தரை லட்சம். இவ்வளவு பெரிய தோல்விக்கு இது சின்ன இழப்பு. சோசலிஸ்ட்டுகள் 79 லட்சத்திலிருந்து 1 கோடியே 10 லட்சத்துக்குப் போனார்கள். கூடுதல் 31 லட்சம். அதாவது, ஆளுங்கட்சிக்காரர்கள் பயந்து ஓடி எதிர்க்கட்சிக்கு வாக்களித்த கதை இல்லை இது. ஆளுங்கட்சியின் வாக்காளர் பெரும்பாலும் அப்படியே நின்றார்கள். வெளியிலிருந்து ஒரு பெருங்கூட்டம் உள்ளே வந்தது.

அந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது? 2000இல் வாக்குப்பதிவு 68.7 சதவீதம், 2004இல் 75.7. எண்ணிக்கையில் 28 லட்சம் வாக்குகள் கூடுதல். இதைப் பார்த்து, குண்டு வெடிப்பு இதுவரை வராதவர்களையெல்லாம் இழுத்துவந்தது என்று எழுதினார்கள். ஆனால் 1996 தேர்தலில் பதிவானது 77.4 சதவீதம். ஆக 2004 அதிசயம் ஒன்றும் இல்லை, 2000தான் விதிவிலக்கு. அந்த வருடம் சலித்துப்போய் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்ட இடதுசாரி வாக்காளர்களில் பெரும் பகுதி திரும்பி வந்தது. கூடவே முதன்முறை வாக்காளர்களும். இராக் போரை எதிர்த்துத் தெருவில் நடந்தும் 2003 மேயில் ஆளுங்கட்சியைச் சாய்க்காத அந்தக் கோபம், சனிக்கிழமை இரவோடு செருப்பை மாட்டிக்கொண்டது.

சரி, தாக்குதல் இல்லாவிட்டாலும் இவர்கள் வந்திருப்பார்களோ? இதற்கு ஹோசே கார்சியா மொந்தால்வோ என்ற பொருளாதார ஆய்வாளர் கெட்டிக்காரத்தனமான ஒரு வழி கண்டார். வெளிநாட்டில் வாழும் ஸ்பானியர்கள் தங்கள் வாக்கை அஞ்சலில் முன்கூட்டியே அனுப்பிவிட்டிருந்தார்கள்; குண்டு வெடிக்கும் முன்பே அவர்கள் வாக்கு முடிந்துவிட்டது. உள்நாட்டில் இருப்பவர்கள் குண்டுக்குப் பிறகு வாக்களித்தார்கள். இரண்டு கூட்டமும் முந்தைய தேர்தல்களில் எப்படி வாக்களித்தன, இந்தத் தேர்தலில் இடைவெளி எவ்வளவு மாறியது என்று ஒப்பிட்டார். தாக்குதலின் பாதிப்பு பெரிது என்றே அவர் கணக்கு காட்டியது. எனக்கு இதில் ஒரே ஒரு குறை: அந்தக் கணக்கில் குண்டின் பாதிப்பும், குண்டுக்குப் பின் அரசு பேசியதின் பாதிப்பும் ஒன்றாகவே இருக்கின்றன. இரண்டையும் பிரிக்க எந்த அஞ்சல் வாக்காலும் முடியாது.

'பயந்து வாக்களித்தார்கள்' என்ற வாதம்

தேர்தல் முடிந்த மறுநாளே, குறிப்பாக அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், ஸ்பானியர்கள் பயங்கரவாதிகளுக்குப் பணிந்துவிட்டார்கள் என்ற குரல் எழுந்தது. புதிய பிரதமர் ஹோசே லூயிஸ் ரொட்ரிகஸ் சபத்தேரோ ஏப்ரல் 17இல் பதவியேற்று, மறுநாளே இராக்கிலிருந்து படையைத் திரும்ப அழைத்தது அந்தக் குரலுக்கு எண்ணெய் ஊற்றியது. ஆனால் ஐ.நா. பொறுப்பேற்காவிட்டால் ஜூன் 30க்குள் படை திரும்பும் என்பது குண்டு வெடிப்பதற்கு வெகு முன்பே அவர் கொடுத்திருந்த வாக்குறுதி.

இந்த வாதத்தை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. 2003 டிசம்பரில் இணையத்தில் வந்த ஒரு ஜிகாதி ஆவணத்தை நார்வே பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தினர் கண்டெடுத்தார்கள். இராக் கூட்டணியில் ஸ்பெயின்தான் பலவீனமான கண்ணி, மார்ச் தேர்தலைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும், இரண்டு அடி, மிஞ்சிப்போனால் மூன்று அடிக்கு மேல் அந்த அரசு தாங்காது என்று அதில் எழுதியிருந்தது. தேர்தல் நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை.

ஆனால் தேர்தல் முடிவைப் பார்த்துத் தாக்குதல் கும்பல் ஓய்ந்துவிடவில்லை. ஏப்ரல் 2ஆம் தேதி மாட்ரிட்–செவியா அதிவேக ரயில் தடத்தில் இன்னொரு குண்டு கண்டெடுக்கப்பட்டது. மறுநாள் லெகனெஸ் என்ற புறநகரில் போலீஸ் சுற்றி வளைத்த வீட்டில் ஏழு பேர் தங்களையே வெடித்துக்கொண்டார்கள். ஒரு காவலரும் செத்தார். படையை விலக்கப்போகிற கட்சி ஜெயித்து மூன்று வாரம் ஆகியிருந்தது அப்போது.

பயந்தவர் வீட்டுக்குள் இருப்பார். வரிசையில் வந்து நிற்க மாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையின் வரிசைகளைப் பார்த்தால் எனக்குப் பயத்தைவிட ஆத்திரமே தெரிகிறது. நாங்கள் இத்தனை பேரைப் பறிகொடுத்த நேரத்திலும் வாக்குக் கணக்கா போடுகிறீர்கள் என்ற ஆத்திரம்.

மற்ற ஊர்களில் என்ன நடந்தது

மாட்ரிட்டை மட்டும் வைத்து விதி எழுத முடியாது. இஸ்ரேலில் நேர்மாறாக நடந்தது. 1995 நவம்பரில் பிரதமர் ராபின் கொலைக்குப் பிறகு, அவர் இடத்துக்கு வந்த ஷிமோன் பெரெஸுக்கு அனுதாபம் குவிந்திருந்தது. கருத்துக்கணிப்புகளில் நல்ல முன்னிலை. 1996 பிப்ரவரி 25 முதல் மார்ச் 4 வரை ஜெருசலேம், அஷ்கெலோன், டெல் அவிவ் நகரங்களில் அடுத்தடுத்து தற்கொலைத் தாக்குதல்கள். மே 29 தேர்தலில் வலதுசாரி நெதன்யாகு 50.5 சதவீதத்தில், 30,000க்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். சமாதானம் பாதுகாப்பைத் தரும் என்பது பெரெஸின் கடை. அந்தச் சரக்கின் மேலேயே குண்டு விழுந்தது. பின்னாளில் பெரெபி, க்ளோர் என்ற இரு ஆய்வாளர்கள், தேர்தலுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் ஓர் ஊரில் தாக்குதல் நடந்தால் அந்த ஊரில் வலதுசாரி வாக்கு 1.35 சதவீதப் புள்ளி கூடுகிறது என்று கணக்கிட்டார்கள். கேட்கச் சின்ன எண்தான். 1996இல் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்த தூரமே ஒரு சதவீதம்.

இதைப் பார்த்து, ஸ்பெயினில் இடதுக்கும் இஸ்ரேலில் வலதுக்கும் ஆதாயம், ஆகவே விதி ஒன்றும் இல்லை என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. இடது வலது என்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆளுகிறவர் எதை விற்றுக்கொண்டிருந்தார், அடி அதன்மேல் விழுந்ததா என்று பார்த்தால் இரண்டும் ஒரே கதை.

பிரிட்டனில் 2017 மே 22 அன்று மான்செஸ்டர் அரங்கில் 22 பேரும், ஜூன் 3 அன்று லண்டன் பாலத்தில் 8 பேரும் கொல்லப்பட்டார்கள். ஜூன் 8 தேர்தல். உறுதியான தலைமை என்பதே பிரதமர் தெரசா மேயின் முழக்கம். பாதுகாப்புப் பேச்சு வந்தால் அவருக்கே லாபம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எதிர்க்கட்சியோ, 2010 முதல் ஆறு வருடம் உள்துறை அமைச்சராக இருந்தவர் இவர்தானே, அந்தக் காலத்தில் போலீசார் எண்ணிக்கை சுமார் 20,000 குறைந்ததே என்று திருப்பிக் கேட்டது. தெரசா மே பெரும்பான்மையை இழந்தார். இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பழைய பொறுப்பு அவரைத் துரத்தியதை மறுக்க முடியாது.

இலங்கை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் சொகுசு ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் அது கிடப்பில் கிடந்தது. அதிபர் சிறிசேனவும் பிரதமர் ரணிலும் முகம் கொடுத்துப் பேசாத நிலை. பாதுகாப்புக் கூட்டத்துக்கே தன்னை அழைப்பதில்லை என்று பிரதமர் சொன்னார். ஒரு வாரம் ஆவதற்குள் கோத்தபய ராஜபக்ச தேர்தலில் நிற்பேன் என்று அறிவித்தார். நவம்பர் 16 தேர்தலில் 52.25 சதவீதம். ஆனால் நாடு ஒரே மாதிரி வாக்களிக்கவில்லை. சிங்களப் பெரும்பான்மை மாவட்டங்கள் அவர் பக்கம் போக, வடக்கும் கிழக்கும் சஜித் பிரேமதாசவுக்குப் பெருவாரியாகப் போட்டன. ஒரே குண்டைப் பார்த்து ஒருவர் பாதுகாப்பு வேண்டும் என்று ஓடிப்போய் நின்ற வாசலைப் பார்த்துத்தான் இன்னொருவர் பயந்தார். முள்ளிவாய்க்காலைப் பார்த்தவர்களுக்குக் கோத்தபய என்ற பெயர் பாதுகாப்பாகக் கேட்குமா? தாக்குதல் ஒரு நாட்டின் 'வாக்காளரை' இப்படி மாற்றுகிறது என்று ஒருமையில் எழுதும் கட்டுரைகள் தடுக்கி விழும் இடம் இது.

1991இல் இந்தியாவில் நடந்தது இன்னும் கூர்மையானது. மே 20 அன்று முதல் கட்ட வாக்குப்பதிவு முடிந்தது. மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மீதிக் கட்டங்கள் ஜூனுக்குத் தள்ளிப்போயின. ஒரே தேர்தல், பாதி முன்னால், பாதி பின்னால். பின்னால் வாக்களித்த இடங்களில் காங்கிரஸ் தெளிவாக மேலே ஏறியது. தமிழ்நாட்டில் அதிமுக–காங்கிரஸ் அணி 39 மக்களவை இடங்களையும் அள்ளியது. புலிகளுக்கு இடம் கொடுத்தது என்ற குற்றச்சாட்டில் திமுக ஆட்சி அந்த ஜனவரியிலேயே கலைக்கப்பட்டிருந்தது. குற்றச்சாட்டு தயாராக இருந்தது. கொலை அதன்மேல் போய் உட்கார்ந்தது.

எதுவுமே அசையாமல் போன தேர்தல்களும் உண்டு, அவற்றை யாரும் ஆய்வதில்லை. 2017 ஏப்ரல் 20 இரவு பாரிஸ் ஷான்ஸ் எலிசே சாலையில் ஒரு காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்றாம் நாள் அதிபர் தேர்தலின் முதல் சுற்று. தீவிர வலதுசாரி வேட்பாளர் லு பென்னுக்குச் சாதகம் என்று ஆரூடம் சொன்னார்கள். முடிவு முந்தைய கணிப்புகளை ஒட்டியே வந்தது. மும்பையில் 2008 நவம்பர் 26இல் தொடங்கிய தாக்குதல் 29ஆம் தேதி காலைதான் முடிந்தது. அன்றைக்கே டெல்லி சட்டமன்றத்துக்கு வாக்குப்பதிவு. டிவியில் தாஜ் ஹோட்டல் புகைந்துகொண்டிருந்தது. மத்தியில் ஆண்ட காங்கிரஸ்தான் டெல்லியில் ஜெயித்தது. அடுத்த வருடம் மக்களவைத் தேர்தலிலும் 206 இடங்களோடு திரும்பி வந்தது. உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீல் 30ஆம் தேதியே பொறுப்பேற்று விலகியது அதற்கு எவ்வளவு உதவியது என்று அளக்க வழியில்லை. ஆனால் கேள்வி வரும் முன்பே ஒரு பதில் மேஜைக்கு வந்துவிட்டது.

மாட்ரிட்டுக்குத் திரும்பினால்

2007 அக்டோபர் 31 அன்று ஸ்பெயினின் தேசிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 28 பேரில் 21 பேர் குற்றவாளிகள். தாக்குதல் ஜிகாதிக் குழு ஒன்றின் வேலை. எட்டாவுக்குப் பங்கு இருந்ததற்கு ஆதாரம் இல்லை. வெடிமருந்து அஸ்தூரியாஸ் பகுதிச் சுரங்கம் ஒன்றிலிருந்து திருடி விற்கப்பட்ட கோமா-2 எகோ. அதற்குப் பிறகும் எட்டாதான் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு கூட்டமும் சில ஊடகங்களும் இருந்தன. மூன்று நாளில் சொன்னதைக் காப்பாற்ற மூன்று வருடத்துக்கு மேல் உழைத்தார்கள்.

அடுத்த தேர்தல் 2008 மார்ச் 9. இரண்டு நாள் முன்பு, மார்ச் 7 வெள்ளிக்கிழமை, பாஸ்க் பகுதியின் மொந்திராகோன் ஊரில் சோசலிஸ்ட் கட்சியின் முன்னாள் நகரசபை உறுப்பினர் ஒருவரை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். இந்த முறை எட்டாவேதான். யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. கட்சிகள் எல்லாம் பிரசாரத்தை அன்றே நிறுத்தின. செத்தவரின் மகள், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாக்களிக்க வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். சோசலிஸ்ட்டுகளுக்கு 169 இடம், மக்கள் கட்சிக்கு 154. இரண்டு கட்சிக்கும் கொஞ்சம் கொஞ்சம் கூடியது. வாக்குப்பதிவு 73.8 சதவீதம், 2004ஐ விட இரண்டு புள்ளி குறைவு.